காய்ச்சலில் ஓடிய வண்டி

ஏழுகல் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், கார்த்திகை தொடங்கி ஆனி வரைக்கும் எட்டு மாதம், காய்ச்சல் என்பது ஊர்ப் பொதுச்சொத்தாக இருந்தது. குழாய்த் தண்ணீரைப் போல அதை முறை வைத்துப் பயன்படுத்தினார்கள், யாருக்கு எத்தனை டிகிரி என்பது விடியும்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தொடர்ந்து காய்ச்சல் வராத வீட்டைக் கொஞ்சம் ஒட்டாத வீடு என்றுகூட நினைத்தார்கள். அதற்கு முன்னால் இருந்தது, மேல் டிவிஷனில் கார் வைத்திருந்த ஒரே ஆளான தைனேஸின் வண்டி காலையில் கிளம்பாத பிரச்சினை மட்டுமே.

அந்தக் கார் முட்டையோட்டு நிறத்தில், பதினெட்டு வயதான, பெட்ரோலில் ஓடும் பழைய வண்டி. எஸ்டேட்டின் கடைசி டாக்டர் ஓய்வுபெற்றுப் போனபோது தைனேஸுக்கு விற்றுவிட்டுப் போனது; டாக்டருக்குப் பதிலாக வேறு டாக்டர் வரவில்லை, கார் மட்டும் மிஞ்சியது. பேருந்து கீழ் டிவிஷனோடு திரும்பிவிடும் என்பதால், மேல் டிவிஷனில் வரிசையாகக் கட்டிய அறுபத்து நான்கு லைன் வீடுகளுக்கும், பிரசவமோ பாம்புக்கடியோ இழவுச் செய்தியோ எதுவானாலும், முப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சிக்கு இறங்க அதுதான் வழி. அந்த வண்டி கார்த்திகை முதல் வாரத்தில் ஒருநாள் விடியலில் இருமிவிட்டு நின்றது. எப்படியோ தள்ளிக் கிளப்பினால், ஒன்பதாவது வளைவில், மூடுபனி அடர்ந்து நிற்கும் இடத்தில், ஒரு பெருமூச்சைப் போலக் குலுங்கி ஆஃப் ஆனது.

தைனேஸின் தங்கை சலேத்மேரியைக் கட்டியிருந்த பாக்கியநாதன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இயந்திரம் போடும் சத்தத்தை ஒருபோதும் அடக்கக் கூடாது, அது எதற்காகச் சத்தம் போடுகிறது என்று கேட்க வேண்டும் என்பது அவன் கொள்கை. கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தின் எச்சரிக்கை மணி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதில் துணி சுற்றி வைத்த ஒரு தொழிலாளியோடு அவன் ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவனுடைய இன்னொரு கொள்கை.

குளிரில் கிளம்பாத வண்டியைச் சோதிப்பது பொறுமையின் வேலை. ஒருமுறை கிளம்பிவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும். சூடான இன்ஜின் எதைக் கேட்டாலும் நலம் நலம் என்றே பதில் சொல்லும். ஆகையால் அதனிடம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும், அதுவும் விடியும் நேரத்தில். முதல் நாள் அவன் பேட்டரியைக் கேட்டான். இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் வலுவாகச் சுற்றியது, ஆகவே அது இல்லை. இரண்டாம் நாள் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், வெளுத்த காப்பி நிறமாக இருந்தால் சுகம், காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி, நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி வரவில்லை என்று அர்த்தம், நான்கும் நனைந்திருந்தன. மூன்றாம் நாள் பொறியை எழுப்பும் பாயின்டின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தான், நான்காம் நாள் தளர்ந்துபோயிருந்த சோக் கம்பியை இழுத்துக் கட்டினான், ஐந்தாம் நாள் மின்னழுத்தம் ஏற்றும் காயிலை மாற்றினான். ஆறாம் நாள், இன்னும் இருள் பிரியாத வேளையில், பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிமேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துவிட்டு மச்சானைச் சாவி திருப்பச் சொன்னான். மூடியின் மேல் ஒரு நீல வெளிச்சம் மண்புழுவைப் போல நெளிந்து ஓடியது. தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். பனியின் ஈரம் அதில் இறங்க, பிளக்குக்குப் போக வேண்டிய பொறி அந்த வழியே ஒழுகிப்போய்க்கொண்டிருந்தது. காலையில் கிளம்பாததற்கும் வளைவில் நிற்பதற்கும் அது ஒன்றே காரணம். கோயம்புத்தூரிலிருந்து புது மூடி வரவழைக்கச் சொல்லி அனுப்பினான். மூடி வருவதற்குள் ஏழாம் நாள் வந்துவிட்டது.

ஏழாம் நாள் மூன்றாவது லைனைச் சேர்ந்த கனகமணி, நூற்று மூன்று டிகிரி கொதித்த நாலு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். தைனேஸ் நம்பிக்கையில்லாமல்தான் சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பி, வெயில் காலத்து மத்தியானத்தில் ஓடுவதுபோல் சீராக ஓடியது. எஸ்டேட் நுழைவாயிலைத் தாண்டுவதற்குள் பிள்ளையின் நெற்றி ஆற்றுக்கல் போலக் குளிர்ந்துவிட்டது, பிள்ளை பன் கேட்டது. பொள்ளாச்சி வரைக்கும் போய் பன் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் காய்ச்சலில்லாத ஆட்களோடு வண்டி கிளம்பவில்லை. அதற்கு மறுநாள் தொழிற்சாலைக் காவல்காரர் காய்ச்சலோடு ஏறினார், கிளம்பியது, அவருக்கு வியர்த்து விட்டது. மூன்றாம் முறைக்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை; ஏற்பாடுகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

திங்கட்கிழமை முதல் லைன், செவ்வாய் இரண்டாவது லைன் என்று முறை வகுத்தார்கள். தைனேஸ் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே கட்டிவைத்தார். தொண்ணூற்றொன்பது டிகிரி ஒன்பதாவது வளைவு வரைக்கும்தான் தாங்கும், நூற்றொன்று கீழ் டிவிஷனைத் தாண்டும், நூற்று மூன்று பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்பும் என்பதை அனுபவத்தில் கண்டு, சைக்கிள் கடை விலைப்பட்டியலைப் போலக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டினார். பாதி வழியில் வண்டி நின்றுபோனால், ஒன்பதாவது வளைவுத் தேநீர்க் கடையில் இறங்கி, யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பது வழக்கமாயிற்று. கடைக்காரர் டீயைக் கலக்கியபடியே பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார், யாராவது ஒருவர் கூச்சத்தோடு எழுந்து வருவார். வெப்பத்தை இறக்குவது மாரியம்மன்தான் என்று இரண்டாவது லைன்காரர்கள் கண்ணாடியில் வேப்பிலை செருகினார்கள். ஆரோக்கியமாதா என்று நான்காவது லைன்காரர்கள் பின்கண்ணாடியில் மாதா படம் ஒட்டினார்கள். இரண்டு தரப்பும் காய்ச்சலில் இருந்தபோது அந்தத் தகராறு நடக்கவில்லை. கீழ் டிவிஷன் மருந்தகத்துக் கம்பவுண்டர் மட்டும், தன்னுடைய காய்ச்சல் மருந்துகள் காலாவதியாகிப் பாழாவதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

மார்கழியில் புது மூடி வந்து சேர்ந்தபோது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் போன பாக்கியநாதனை வழியிலேயே பத்துப் பேர் மறித்தார்கள். கோளாறு என்றால் கோளாறுதான், அதைத் தெரிந்துகொண்டே விட்டுவைப்பது தன்னால் ஆகாது என்று அவன் சொன்னான்.

"கோளாறு வண்டிக்குத்தான மாப்பிள்ளை," என்றார் தைனேஸ். "நமக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். பொங்கல் கழியட்டும் என்று மூடியை எடுத்துப் பரணில் வைத்தான்.

பொங்கல் கழிந்த வாரத்தில் எஸ்டேட் ஆபீஸ் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. மேல் டிவிஷனில் காய்ச்சலை உடனடியாகத் தணிக்கும் வசதி ஏற்பட்டிருப்பதால், இனிமேல் காய்ச்சலைக் காரணம் காட்டி விடுப்புக் கோருவது ஏற்கப்படாது என்று அதில் இருந்தது. மஸ்டர் கொட்டகையில் காலை வருகை எடுக்கும்போது அதைப் படித்த பெண்கள், படித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் வசதியாக இருந்த கார் அன்றிலிருந்து அவசியமாயிற்று. காய்ச்சலோடு பனிக்குளிரில் நின்று கொழுந்து பறிக்க வேண்டாமென்றால் விடியலில் வண்டியில் ஏறியாக வேண்டும்.

தை கடைசியில் சலேத்மேரிக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. மாலையில் மெல்லத் தொடங்கி விடியலில் நூற்றொன்றில் நிற்கும், அவ்வளவுதான். அண்ணன் வண்டியாகையால் அவளுக்கு முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை. விடியலில் எழுந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு, முன்சீட்டில் போய் உட்காருவாள், வண்டி கிளம்பும், நெற்றி குளிரும், இறங்கி வந்து கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுவாள். மற்றவர்களின் காய்ச்சல் மூன்று நாளில் தீர்ந்துவிடும், அவளுடையது தீரவில்லை. முறைப்படி வரவேண்டிய லைனில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாத நாட்களில் ஊர் அவளையே நம்பத் தொடங்கியது. பங்குனியில் நாலாவது லைன்காரியைப் பிரசவத்துக்கு இறக்கியது, அன்றைக்கு மட்டும் நூற்று மூன்றைத் தொட்ட அவளுடைய காய்ச்சல்தான். பிறந்த பெண்குழந்தைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். இருபது வருடம் கொழுந்து பறித்ததில் ஒருவர் அவளை நின்று விசாரித்ததில்லை. இப்போது தண்ணீர்க் குழாயடியில், கடையில், கோயில் வாசலில், எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"சலேத்து, காய்ச்சல் இருக்கில்ல?"

"இருக்குக்கா," என்பாள் அவள், அடுப்பில் உலை இருக்கிறது என்று சொல்வதைப் போல. கேட்டவர்களின் முகம் தெளியும்.

மாசி மாதத்திலேயே ஒரு சாவு விழுந்திருந்தது. மருந்து தெளிக்கும் அருள்தாஸ், முப்பது வயதுக்காரன், இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சலை வண்டிக்குக் கொடுத்து வந்தவன், ஒரு முற்பகலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, குடல் காய்ச்சலில் குடல் ஓட்டையாகியிருக்கும் என்றார். அவனுக்குத்தான் காய்ச்சலே இல்லையே என்று ஊர் சொன்னது. நெற்றியைத் தொட்டுப் பாருங்கள் என்றது. கம்பவுண்டரும் தொட்டுப் பார்த்தார்.

பாக்கியநாதனுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. மணியில் யாரோ துணி சுற்றி வைத்திருக்கிறார்கள், ஊரிலுள்ள அத்தனை பேரின் மணியிலும். அவன் மஸ்டர் கொட்டகையில் நின்று அதைச் சொன்னான். காய்ச்சல் நோயில்லை, நோய் போடும் சத்தம், கார் சத்தத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது என்று சொன்னான். ஒருவரும் மறுக்கவில்லை. காவல்காரர்தான் எல்லாருக்காகவும் பேசினார்.

"நீ சொல்றது வாஸ்தவம் தம்பி. மொதல்ல அந்த நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லு. அப்பறம் மூடிய மாட்டு."

அவன் ஆபீசுக்குப் போனான். வண்டி இருக்கும்போது விடுப்பு எதற்கு என்று மேனேஜர் கேட்டார். வண்டியைச் சரிசெய்துவிட்டால் விடுப்பு உண்டா என்று இவன் கேட்டான். சரிசெய்த பிறகு எழுதிக் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார் அவர். மழைக்காலம் வந்தால் அறுபத்து நான்கு வீடுகளையும் காய்ச்சலோடு மழையில் நிறுத்தத் தனக்கு என்ன உரிமை என்று எண்ணியபடி அவன் வீட்டுக்குத் திரும்பினான். மூடி பரணிலேயே இருந்தது. சலேத்மேரியிடம் கீழே போய் டாக்டரைப் பார்க்கலாம் என்று சித்திரையில் இரண்டு முறையும் வைகாசியில் ஒரு முறையும் சொன்னான். உடம்புக்கு ஒன்றுமில்லை, காலையில் வண்டியில் ஏறியவுடன் சரியாகிவிடுகிறதே என்றாள் அவள். அது உண்மையாகவும் இருந்தது. மனைவியின் நெற்றி குளிர்ந்திருப்பதைத் தினமும் ஏழு மணிக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற ஒருவனுக்கு, அந்தக் குளிர்ச்சியை நம்பாமல் இருப்பது எளிதாக இல்லை. நம்பக் கூடாது என்று எல்லாருக்கும் சொன்னவன் அவன். இருந்தும் தினமும் தொட்டுப் பார்த்தான், தினமும் கையை எடுத்துக்கொண்டு போனான்.

ஆனி பிறந்த வாரத்தில், மாலை வேளை, அவள் அரிசி களைந்த பானையைத் தூக்க முடியாமல் பாதியில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். பானையை வாங்க நீண்ட அவன் கையில் அவளுடைய கை இருந்தது. விரல்கள் மெலிந்து, கல்யாண மோதிரம் நூல் சுற்றி நிறுத்தப்பட்டிருந்தது. நகங்களைப் பார்த்தான். நகத்துக்கு அடியில், மரச் சிலாம்பு ஏறியதைப் போல, சிவப்பும் பழுப்புமாக மெல்லிய கோடுகள், ஒரு விரலில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு. அவன் அவளைச் சன்னலண்டை அழைத்துப்போய், பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் பிளக்குகளைப் பார்த்தவனுக்கு, உள்ளே எரிவது சரியாக எரியவில்லை என்று வெளியே தெரியும் நிறம் எது என்பது தெரியும். பாதங்கள் வீங்கியிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். கவனிக்கவில்லை என்றாள்.

அவன் பரணிலிருந்து மூடியை எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே காருக்குப் போனான். நான்கு வயர்களையும் வரிசை மாறாமல் கழற்றி, பழைய மூடியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இரண்டு கவ்விகளையும் அழுத்த எடுத்த நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. எட்டு மாதமும் அது பத்து நிமிட வேலையாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியலில், மழையில், இரண்டாவது லைன்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள். துணி சுற்றிய மூன்று பிள்ளைகள், ஒரு கிழவர். பாக்கியநாதன் காலி வண்டியில் தனியாக ஏறிச் சாவியைத் திருப்பினான். கிளம்பியது. அவன் இறங்கி நின்றான். பிள்ளைகளை ஒவ்வொன்றாக முன்சீட்டில் உட்காரவைத்தார்கள், காத்திருந்தார்கள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், இறக்கினார்கள். காருக்கு இப்போது அவர்களிடமிருந்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றார் அந்தக் கிழவர், காரைப் பார்த்தபடியே.

சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்த சலேத்மேரி, இன்ஜின் ஓடுவதைத் தூரத்திலேயே கேட்டு, பாதையின் நடுவில் நின்றுவிட்டாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் கணவனிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றான் அவன்.

பத்து மணிக்கு நூற்றிரண்டு, நண்பகலில் நூற்று நான்கு. ஐந்து மாதமாகத் தினமும் முனை மழுங்கிக்கொண்டிருந்த காய்ச்சல், அன்று தன் முழு உயரத்துக்கும் எழுந்தது. அவள் நடுங்கினாள், பற்கள் அடித்துக்கொண்டன, மார்பு எலும்புக்குக் கீழே ஏதோ தாறுமாறாக ஓடுவது அவனுடைய கைக்கே தெரிந்தது. பின்சீட்டில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு அவன் உட்கார, தைனேஸ் ஓட்டினார். முப்பத்தெட்டு வளைவுகளிலும் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பொள்ளாச்சியில் பார்த்தவர்கள் இங்கே ஆகாது என்று இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இளவயது டாக்டர் ஒருவர், நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார், நகங்களைப் பார்த்தார், சின்ன வயதில் மூட்டு வீங்கிப் படுத்ததுண்டா என்று கேட்டார், உண்டு என்றார் அண்ணன். பிறகு தாளை எடுத்தார்.

"காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?"

எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் சத்தம் மாறியது என்று கேட்டால் பார்க்காமல் சொல்லக்கூடிய பாக்கியநாதன் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

"இன்னைக்கிக் காலையிலேருந்து சார்," என்றான்.

"அஞ்சு மாசமா இருக்கு சார்," என்றார் தைனேஸ் பின்னாலிருந்து. "தெனமும் எடுத்துருவோம்."

"எடுத்துருவீங்களா? என்ன மாத்திரைல?"

தைனேஸ் வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். டாக்டர் எரிச்சலோடு ஏதோ எழுதினார். நெஞ்சைப் படம் பிடித்த பிறகு அவர் அவனை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, எரிச்சல் போன குரலில் சொன்னார்: இதயத்தின் உள்கதவு ஒன்றில் கிருமி குடியேறி மாதக்கணக்காக அரித்திருக்கிறது, ஊசியில் கிருமி சாகும், கிழிந்தது கிழிந்ததுதான், அறுவை சிகிச்சையைத் தாங்கும் நிலையில் உடம்பு இல்லை. முதல் இரண்டு மூன்று வாரத்தில், காய்ச்சல் விடவில்லையே என்று சந்தேகப்பட்டு ஒருமுறை கொண்டுவந்திருந்தால்கூட இது இப்படி ஆகியிருக்காது என்றும் சொன்னார். சந்தேகப்பட என்ன இருந்தது என்று அவன் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிரவே வண்டியோடு மலைக்குத் திரும்பியிருந்த தைனேஸ், நாலாம் நாள் துணிமணிகளோடு வந்தார். ஊர்ச் செய்தி என்ன என்று கேட்காமலே சொன்னார். வண்டி தினமும் முதல் திருப்பில் கிளம்புகிறது. வேப்பிலையை யாரோ எடுத்துவிட்டார்கள். கம்பவுண்டரிடம் காலை ஆறு மணிக்கே கூட்டம் நிற்கிறது, குடல் காய்ச்சல் என்று இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பொள்ளாச்சிக்கு அனுப்பியிருக்கிறார். மேனேஜர் எழுதிக் கேட்டதற்கு மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை, நோட்டீஸ் பலகையில் அப்படியே இருக்கிறது. கனகமணி நூற்றிரண்டோடு மழையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார். பாக்கியநாதனைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்பதை அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் சலேத்மேரி கண்விழித்து, அண்ணனைக் கண்டதும், வண்டி எப்படி வந்தது என்று கேட்டாள். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு சொல்லாகத்தான் கேட்க முடிந்தது. தைனேஸ் தங்கையின் கணவனைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த துணிப்பையை வேறு இடத்தில் வைக்கப் போனார்.

"காலைல யார வச்சுக் கெளப்புனாங்க?" என்றாள் அவள், கணவனிடம்.

"யாரையும் வைக்கல. அதுவாக் கெளம்புது."

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கையில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். பிறகு அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். கோபம் அதில் இல்லை, ஒரு விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ள விரும்புகிறவளின் முகமாகத்தான் இருந்தது.

"அப்ப எனக்கு வந்ததெல்லாம் வெறும் காய்ச்சல்தானா?"

அவன் அவளுடைய நெற்றியில் கையை வைத்தான். கொதித்தது. கையை எடுக்கவில்லை. நர்ஸ் வந்து, அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, தெர்மாமீட்டரை இரண்டு முறை உதறிவிட்டு, சலேத்மேரியிடம் வாயைத் திறக்கச் சொன்னாள்.